.270 தோட்டாவைப் புகழ்பெறச் செய்தது ஜாக் ஓ'கானரின் பேனாவா?

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் .270 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா இவ்வளவு பெயர் வாங்கியதற்கு ஜாக் ஓ'கானர் என்ற பத்திரிகை எழுத்தாளர்தான் காரணம் என்கிறார்களே, அது உண்மையா? ஒருவர் எழுதி எழுதியே ஒரு துப்பாக்கியின் தலையெழுத்தை மாற்றிவிட முடியுமா? கேள்வி இதுதான். பாதி உண்மை என்பது என் பதில். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது. நான் வேட்டைக்காரன் அல்லன்; பழைய அமெரிக்க வேட்டை இதழ்களைத் தேடிப் படிக்கிறவன். என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் தோட்டாவின் கதை. வெடிமருந்து அடைத்த உறையும் அதன் முனையில் செருகிய குண்டும் சேர்ந்ததே தோட்டா. 1925இல் வின்செஸ்டர் நிறுவனம் மாடல் 54 என்ற ரைஃபிளுடன் .270ஐ வெளியிட்டது. அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாவுடைய உறையின் கழுத்தைக் குறுக்கி, மெல்லிய, எடை குறைந்த குண்டைப் பொருத்தினால் கிடைப்பது அது. 130 கிரெய்ன், அதாவது எட்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டு, நொடிக்கு 3,100 அடிக்கு மேல் பாயும் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்தில் இது மலைக்க வைத்த வேகம். வேகம் கூடினால் குண்டு வழியில் தாழ்வது குறையும். முந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கின் தூரத்தைக் கணிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் குறி பெரிதாகத் தப்பாது. இறைச்சி சிதைந்துபோகிறது என்று சிலர் முணுமுணுத்ததால், 150 கிரெய்ன் குண்டை வேகம் குறைத்துப் போட்டு ஒரு தோட்டாவையும் நிறுவனம் விற்றுப் பார்த்தது. யாரும் சீண்டவில்லை. முணுமுணுத்தவர்களும் கடைக்குப் போனபோது வேகத்தைத்தான் வாங்கினார்கள்.

அப்போது ஓ'கானருக்கு வயது 23. அவர் பெயர் வேட்டைக்காரர்களுக்குத் தெரியாது. தொடக்கத்தில் .270ஐப் புகழ்ந்தவர்களில் அன்று பெருமதிப்புப் பெற்றிருந்த ராணுவ அதிகாரி டவுன்செண்ட் வீலனும் ஒருவர். ஆக, ஓ'கானர் வருவதற்கு முன்பே சரக்கு நல்ல சரக்காகத்தான் இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேர்கோட்டை ஒட்டிப் பாயும் குண்டு இருந்து என்ன பயன், முந்நூறு கஜத்தில் நிற்கும் மான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால்? 1930களில் டெக்சஸின் எல் பாசோ நகரிலிருந்து வீவர் நிறுவனம் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிகளைச் சாதாரண மனிதர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், ராணுவத்தில் துப்பாக்கி பழகிய லட்சக்கணக்கான இளைஞர்கள் கையில் கொஞ்சம் பணத்தோடும் விடுமுறையோடும் காட்டுக்குப் போனார்கள். .270க்கு ஏற்ற காலம் அப்போதுதான் கனிந்தது. அந்த நேரத்தில் சரியான நாற்காலியில் ஓ'கானர் உட்கார்ந்திருந்தார். 'அவுட்டோர் லைஃப்' இதழில் 1930களில் எழுதத் தொடங்கியவர், 1941இல் அதன் துப்பாக்கிப் பகுதிக்கு ஆசிரியரானார். முப்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது துப்பாக்கி அறிவு அல்ல என்றே நினைக்கிறேன். அவரைவிட நுட்பமாகத் தோட்டா அடைக்கத் தெரிந்தவர்களும் அவரைவிட நன்றாகச் சுடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஓ'கானர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்தவர்; துப்பாக்கி எழுத்துக்கு வருமுன் நாவலும் எழுதியவர். அந்தப் பயிற்சி ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அவருடைய மலைச் செம்மறி வேட்டைக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். நிலம் வரும், காற்றின் திசை வரும், வழிகாட்டியின் குணம் வரும், ஏறி இறங்கிய பாறைகளும் மூச்சிரைப்பும் வரும். சுடுவது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். துப்பாக்கியை அவர் விற்கவில்லை. அது கூட வந்த தோழனைப் போலக் கதைக்குள் நடமாடியது. படித்து முடித்தவருக்கு அந்த மலையில் நிற்க ஆசை வந்தது. மலை ஊரில் கிடைக்காது. கடையில் .270 கிடைத்தது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வேட்டைக்காரனின் நிலையை யோசித்துப் பாருங்கள். சராசரி அமெரிக்க வேட்டைக்காரனுக்கு ஆண்டுக்குச் சில வாரங்களே பருவம். உரிமச் சீட்டுக்கு ஒரு மான் அல்லது இரண்டு. காட்டுச் செம்மறிக்கோ, பெரும்பாலான மாநிலங்களில் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் உண்டு. வாழ்நாள் முழுக்க விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் ஏராளம். இப்படி வாழ்நாளில் இருபது, முப்பது விலங்குகளைச் சுடுகிறவன், எந்தத் தோட்டா நல்லது, எந்தக் குண்டு ஏமாற்றும் என்று சொந்த அனுபவத்தில் எப்படித் தெரிந்துகொள்வான்? ஒரே தோட்டாவில் ஒரு மான் விழுந்த இடத்திலேயே சாகும், இன்னொன்று அரை மைல் ஓடிப்போய் விழும். இரண்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எனவே அவன் அனுபவத்தைக் கடன் வாங்குகிறான். கடன் கொடுப்பவர்தான் துப்பாக்கி எழுத்தாளர். மெக்சிகோவின் சொனோரா பாலைவனம், கனடாவின் யூகான், ஆப்பிரிக்கா, ஈரான், இந்தியா என்று சுற்றிய ஓ'கானரிடம் கடன் கொடுக்க நிறையவே இருந்தது.

நம் வாசகர்களுக்கும் இந்தக் கடன் புதிதல்ல. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்துபோனது. ஆனால் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியையும், பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரையும், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடப் பெயர் சொல்லி அறிவார்கள். அவ்விருவரும் துப்பாக்கியைப் பற்றி எழுதியவர்கள் அல்லர், புலியைப் பற்றி எழுதியவர்கள். துப்பாக்கி தானாக ஒட்டிக்கொண்டது. ஓ'கானரின் வெற்றியும் இந்த வகைதான் என்பதால் சொன்னேன்.

சரி, அவர் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. எதிர்ப்பு அவர் குடியேறிய மாநிலத்திலேயே இருந்தது. ஓ'கானர் 1948இல் ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஐடஹோவில், சாமன் என்ற சிற்றூரில் எல்மர் கீத் என்ற இன்னொரு துப்பாக்கி எழுத்தாளர் இருந்தார். 1899இல் பிறந்தவர், சிறுவயதில் ஒரு தீ விபத்தில் கடுமையாக வெந்து பிழைத்தவர், பண்ணை வேலை, குதிரை வளர்ப்பு, வேட்டை வழிகாட்டி என்று உடம்பால் உழைத்து வளர்ந்தவர். அகன்ற தொப்பியும் வாயில் சுருட்டுமாக இருக்கும் அவருடைய படங்கள் அந்தக் கால வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிப் படிப்பு குறைவு. அவர் எழுதி அனுப்பியதைச் செப்பனிடுவது ஆசிரியர்களுக்குப் பெரும்பாடாக இருந்ததாம். அவருடைய கட்சி: பெரிய துளை, கனமான குண்டு. .270 எல்லாம் கொயோட்டி என்னும் குள்ளநரி போன்ற விலங்கைச் சுடத்தான் லாயக்கு என்ற பொருளில் எள்ளி எழுதினார். எல்க் என்னும் பெரிய மானுக்குக் காலிபர், அதாவது துளையின் விட்டம், அங்குலத்தில் .33ஆவது வேண்டும் என்றார். ஓ'கானரோ, எந்தக் காலிபர் என்பதைவிட எங்கே படுகிறது என்பதே முக்கியம், உதைப்பு குறைந்த துப்பாக்கியால் சரியான இடத்தில் அடிக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பல பத்தாண்டுகள் வேட்டைக்காரர்கள் இந்த இருவர் பெயரால் இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். யார் சரி என்று இன்றும் கேட்கிறார்கள். என் பார்வையில், இருவரும் தாங்கள் கண்டதையே எழுதினார்கள். கண்ட இடம்தான் வேறு. ஓ'கானர் வளர்ந்தது அரிசோனாவின் வறண்ட, திறந்த நிலத்தில். விலங்கு தொலைவில் நிற்கும், அசையாமல் நிற்கும். படுத்துக்கொண்டு நிதானமாகச் சுடலாம். கீத் கண்டது ஐடஹோவின் அடர்ந்த ஊசியிலைக் காடு. எல்க் எழுந்து ஓடும்போது அதன் பின்புறம்தான் தெரியும். அதைவிட முக்கியம், அவர் வழிகாட்டி. பிறர் சுட்டுக் காயப்படுத்திய விலங்கை இருட்டும் வரை தேடிப் போகிற வேலை அவருடையது. சுடுகிறவன் நிதானமானவன் என்று எண்ணிக்கொண்டு ஓ'கானர் எழுதினார். தவறப்போகிறான் என்று எண்ணிக்கொண்டு கீத் எழுதினார். வாசகன் தன்னை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்பது அவன் நேர்மையைப் பொறுத்தது.

இருவரும் பேசிய காலத்தைப் பற்றி மறந்துவிடும் ஒரு செய்தியும் உண்டு. அன்றைய குண்டுகள் நம்பகமற்றவை. வேகம் கூடினால் ஈயத்தின் மேலுள்ள செம்புறை கிழிந்து, குண்டு மேலோட்டமாகவே சிதறிவிடும், ஆழம் போகாது. சிறிய குண்டு எல்க்கின் தோளில் சிதறியதைக் கீத் கண்ணால் பார்த்திருப்பார். கனமான, மெதுவான குண்டு சிதறாமல் உள்ளே போனதையும் பார்த்திருப்பார். 1946இல் கனடாவில் ஒரு மூஸ் மானிடம் இதே அனுபவம் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரருக்கு ஏற்பட்டது. நடுவில் குறுக்குச்சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் ஊடுருவும் குண்டை அவர் வடிவமைத்து, 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அத்தகைய குண்டு .270இல் கிடைத்த பிறகு கீத்தின் வாதத்தில் பாதிக் காற்று இறங்கிவிட்டது. ஆனால் சண்டை மட்டும் பழைய சொற்களிலேயே தொடர்ந்தது. கட்சி கட்டியவர்களுக்குப் புதுச் செய்தி வசதிப்படாது போலும்.

கீத்தைப் பற்றி மக்கள் மிகவும் சந்தேகப்பட்டது அறுநூறு கஜக் கதை. வேறொருவர் காயப்படுத்திய ஒரு மியூல் மானை ஏறத்தாழ அறுநூறு கஜத்திலிருந்து .44 மேக்னம் ரிவால்வரால் அடித்ததாக எழுதினார். கைத்துப்பாக்கியால் அந்தத் தூரமா என்று சிரித்தவர்கள் பலர். அவர் தன் சுயசரிதைக்கு வைத்த தலைப்பே, நான் அங்கேயே இருந்தவனாக்கும் என்று அவர்கள் முகத்தில் அடிப்பதுபோல் இருக்கும். அவர் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு: முதல் குண்டிலேயே படவில்லை, குண்டு விழும் இடத்தைப் பார்த்துப் பார்த்துக் குறியைத் திருத்தியதாகத்தான் எழுதியிருக்கிறார். பீற்றிக்கொள்கிறவன் தவறிய குண்டுகளைக் கணக்கில் காட்டமாட்டான் என்பதால் நான் அவரை ஓரளவு நம்புகிறேன்.

ஓ'கானரின் கருத்துக்கு வலுவான சான்று அவர் கையில் இல்லை, அவர் மனைவி எலனோர் கையில் இருந்தது. அந்த அம்மையார் பெரும்பாலும் பயன்படுத்தியது 7×57 என்ற, .270ஐவிட மென்மையான ஜெர்மன் தோட்டா, கார்பெட்டின்.275 ரிக்பி அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான். யானை வேட்டைக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதில் பெரும்பகுதி இதே தோட்டாவால். எலனோர் அமைதியாகக் குறிபார்த்து ஒரே குண்டில் முடித்ததை ஓ'கானரே பலமுறை எழுதியிருக்கிறார். அவரைக் கூர்ந்து படித்தால், .270தான் வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை என்பது புரியும். எல்லா வேலைக்கும் ஒரே ரைஃபிள் என்றால் .30-06 இன்னும் பொருத்தம் என்று அவரே ஒப்புக்கொண்டவர். .270 பக்தர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எழுத்தாளரின் சொல் தொழிற்சாலை வரை போகுமா? போகும், ஆனால் ஒவ்வொரு முறையும் அல்ல. இதில் கீத்துக்கு ஓ'கானரைவிடப் பெரிய சாதனை உண்டு. .44 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவைத் தன் கையால் வலுவாக அடைத்துச் சுட்டு, இப்படி ஒன்றைச் செய்து தாருங்கள் என்று ஆண்டுக்கணக்கில் நச்சரித்தார். ஸ்மித் அண்ட் வெசனும் ரெமிங்டனும் சேர்ந்து 1950களின் நடுவில் .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. 1964இல் வந்த .41 மேக்னத்துக்கும் அவரே முன்னின்று குரல் கொடுத்தார். காவலர்களுக்கு உகந்தது என்றார். அது எடுபடவில்லை. அதே மனிதர், அதே பேனா. இன்னொரு வேடிக்கை, .44 மேக்னத்துக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்தது கீத் எழுதியதால் அல்ல, 1971இல் ஒரு போலீஸ் திரைப்படத்தின் நாயகன் அதை ஏந்தியதால்.

ஓ'கானர் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்ல வேண்டியது .280 ரெமிங்டன். 1957இல் வந்தது. .270க்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. எடை கூடிய குண்டுகளைப் பொறுத்தவரை ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் .270 முப்பது ஆண்டுகள் முந்திக்கொண்டுவிட்டது. அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு ஏற்றபடி தொழிற்சாலை அதை அழுத்தம் குறைத்து அடைத்து விற்றது. 1979இல் 7 மி.மீ. எக்ஸ்பிரஸ் என்று பெயரை மாற்றினார்கள், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தோடு குழம்பியதால் மறுபடி பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஓ'கானருக்குப் பின் அவுட்டோர் லைஃபில் அதே பொறுப்புக்கு வந்த ஜிம் கார்மைக்கேல் .280ஐ விரும்பி ஆதரித்தவர். அதே இதழ், அதே நாற்காலி, நல்ல தோட்டா, இருந்தும்.270ஐ எட்டவில்லை. .270ஐ ஓ'கானர் தனியாகத் தூக்கி நிறுத்தினார் என்பவர்களிடம் நான் எடுத்துவைப்பது இதைத்தான்.

அவருடைய செல்வாக்கு அப்பட்டமாகத் தெரிந்தது பாராட்டில் அல்ல, குறை சொன்னதில். 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க, மாடல் 54க்குப் பின் வந்த மாடல் 70 ரைஃபிளின் உள்ளமைப்பை மாற்றியபோது அவர் வெளிப்படையாக வருந்தி எழுதினார். அவர் மட்டும் அல்ல, பலரும் கண்டித்தார்கள். ஆனால் அந்த ரைஃபிளை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மலைமலையாகச் சுமந்து எழுதியவர் முகம் சுளித்தது வேறு கனம். அறுபத்து நான்குக்கு முந்தியது என்ற அடைமொழியோடு பழைய மாடல் 70கள் இன்றும் கூடுதல் விலைக்குப் போகின்றன. 1990களில் நிறுவனம் பழைய அமைப்பையே திரும்பக் கொண்டுவந்தது.

இப்படிக் குறை சொல்வது எளிதல்ல. வேட்டை இதழ்கள் பிழைப்பதே துப்பாக்கி, தோட்டா நிறுவனங்களின் விளம்பரத்தில். மதிப்புரைக்கான துப்பாக்கியையும் அவர்களே அனுப்புகிறார்கள். ஆகவே நீண்டகால வாசகர்கள் புகழ்ச்சியை நம்புவதில்லை, மௌனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். மரக்கட்டையின் மெருகை மூன்று பத்தி வர்ணித்துவிட்டு, குறி எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதை ஒரே வரியில் தாண்டினால், விஷயம் விளங்கிவிடும்.

விளம்பரதாரரைவிட வாசகர்களுக்கு அஞ்ச வேண்டிய நிலையும் பிற்காலத்தில் வந்தது. ஜிம் ஜம்போ பல ஆண்டுகள் அவுட்டோர் லைஃபில் எழுதிய மதிப்புமிக்க எல்க் வேட்டைக்காரர். 2007 பிப்ரவரியில், ராணுவ பாணி அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்கு வேட்டையில் இடம் இல்லை என்று எழுதி, பயங்கரவாதிகளின் துப்பாக்கிகள் என்ற சொல்லையும் போட்டுவிட்டார். கோபம் வெடித்தது. மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. சில நாட்களுக்குள் ரெமிங்டன் உறவை முறித்தது, இதழிலிருந்தும் அவர் விலக நேர்ந்தது. 2013இல் டிக் மெட்காஃப், துப்பாக்கி உரிமைக்கும் சில ஒழுங்குமுறைகள் இருக்கலாம் என்று 'கன்ஸ் அண்ட் ஆம்மோ' இதழில் எழுதினார். அவரும் வெளியேற்றப்பட்டார், அந்த இதழின் ஆசிரியரும் பதவியை விட்டுப் போனார். எந்தத் தோட்டா சிறந்தது என்று சொல்லும் அதிகாரத்தை வாசகர்கள் எழுத்தாளருக்குத் தந்திருந்தார்கள். எந்தத் துப்பாக்கி கூடாது என்று சொல்லும் அதிகாரத்தைத் தரவில்லை. ஜம்போவின் சொல் மோசமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மெட்காஃபுக்கு நேர்ந்தது அநியாயம் என்றே கருதுகிறேன்.

இன்று அத்தகைய ஒற்றைக் குரல் யாருக்கும் இல்லை. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் தோட்டா உலகெங்கும் பரவியது. அதை யார் எழுதிப் பரப்பினார் என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்ல முடியாது. இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள், காணொளிகள், துல்லியமாகச் சுடும் மலிவு ரைஃபிள்கள் என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை அது.

ஓ'கானரைப் படிக்க விரும்பினால் தோட்டா அட்டவணைகளில் தொடங்காதீர்கள். மலைச் செம்மறிக் கட்டுரைகளில் தொடங்குங்கள். அவை பழசாகவில்லை. ரைஃபிள்கள் பற்றிய நூல்களுக்குப் பிறகு வாருங்கள். அங்கே ஒரு தோட்டாவை அவர் போற்றினாலும், கீத் தூற்றினாலும், எந்த ஆண்டில் எழுதியது, எந்த நிறுவனத்தின் எந்தக் குண்டு என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் அவர்கள் சண்டையிட்டது காலிபரைப் பற்றி அல்ல, இன்று யாருமே தயாரிக்காத ஒரு குண்டைப் பற்றியதாக இருக்கும்.